கடைசி 200 மீட்டர்

கேள்வி: எங்கள் அமெச்சூர் சைக்கிள் அணியில் வேகமான வீரர் ஒருவர் இருந்தும், சாலைப் பந்தயங்களின் இறுதிப் பாய்ச்சலில் அவர் பின்தங்கிவிடுவது ஏன்?

பதில்: பெரும்பாலும் குறை அவருடைய கால்களில் இருப்பதில்லை. சமதளச் சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவரின் உழைப்பில் பெரும்பகுதியைக் காற்றின் எதிர்ப்பே விழுங்கிவிடுவதால், முன்னால் செல்பவரின் பின்சக்கரத்தை ஒட்டி வருபவர் தம் ஆற்றலைக் கணிசமாகச் சேமிக்கிறார். ஆகவே கடைசி ஒரு கிலோமீட்டரில் அணித் தோழர்கள் இருவர் அடுத்தடுத்து முன்னணியில் நின்று, எதிரணியினர் தாண்டிச் செல்லத் துணியாத அளவுக்கு வேகத்தை உயர்த்த வேண்டும். அவர்கள் பின்னால் ஒட்டி வரும் உங்கள் வேகமான வீரர், ஏறத்தாழ 200 மீட்டர் எஞ்சியிருக்கையில்தான் வெளிப்பட்டு முன்னே பாய வேண்டும். எதிர்காற்று வீசினால் இன்னும் சற்றுத் தாமதிக்கலாம். தம் வெற்றி வாய்ப்பைத் துறக்கும் அந்த இருவரைத் தேர்ந்தெடுப்பதே, என் கருத்தில், மிகக் கடினமான வேலை. அதைப் பந்தயத்துக்கு முன்பே பேசி முடிவு செய்துவிடுங்கள்.