கவிதை ஒருவருடையது, மெட்டு இன்னொருவருடையது: யாரிடம் அனுமதி கேட்பது?

கேள்வி: நான் கர்நாடக சங்கீதம் சொல்லிக்கொடுக்கிறேன். என் மாணவிகளை வைத்து நான்கு பாடல்கள் பதிவு செய்து யூடியூபில் போடப்போகிறேன். பாரதியின் ‘சின்னஞ்சிறு கிளியே’, எல்லோரும் அறிந்த மெட்டில். பாரதிதாசனின் ‘துன்பம் நேர்கையில்’, தேஷ் ராகத்தில். மற்ற இரண்டும் 2011-ல் காலமான ஒரு புதுக்கவிஞரின் கவிதைகள், மெட்டு நான் போட்டது. நான்குக்கும் ‘காப்பிரைட் கிளியரன்ஸ்’ வாங்கித் தர 20,000 ரூபாய் ஆகும் என்கிறார் ஒருவர். கவிஞரின் பதிப்பாளரோ தன்னிடம்தான் அனுமதி வாங்க வேண்டும் என்கிறார். காசு வாங்காமல் போடுவதற்கு அனுமதியே வேண்டாம் என்று சக ஆசிரியை சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: மூவர் சொல்வதையும் அப்படியே கேட்காதீர்கள். முக்கியமாக அந்த 20,000 ரூபாயைக் கொடுத்துவிடாதீர்கள்.

ஒரு பாட்டில் சொல் தனிச் சொத்து, மெட்டு தனிச் சொத்து. இதை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். நம் பதிப்புரிமைச் சட்டம் (1957) இசை என்று சொல்லும்போது அதில் வார்த்தைகளைச் சேர்ப்பதே இல்லை. கவிஞர் இறந்த வருடம் முடிந்து 60 வருடம் வரை வரிகளுக்கு உரிமை இருக்கும். மெட்டுப் போட்டவர் இறந்த வருடம் முடிந்து 60 வருடம் வரை மெட்டுக்கு உரிமை இருக்கும். இரண்டு கடிகாரமும் தனித்தனியாக ஓடுகின்றன. ‘பாரதி நாட்டுடைமை (அரசே உரிமையை வாங்கி எல்லோருக்கும் பொதுவாக்கியது), அதனால் பாட்டு இலவசம்’ என்று நம்மில் பலர் நினைப்பது பாதிதான் சரி.

பாரதி விஷயத்தையே பாருங்கள். எழுத்தை அச்சிடும் உரிமை குடும்பத்திடமும் அவர் தம்பி விசுவநாதனிடமும் இருந்தது. பாட்டை இசைத்தட்டில் பதியும் உரிமையோ எங்கெங்கோ கைமாறி ஏவிஎம் பட நிறுவனத்தின் ஏ.வி. மெய்யப்ப செட்டியாரிடம் போய்ச் சேர்ந்திருந்தது. 1949-ல் சென்னை மாகாண அரசு பாரதியின் எழுத்துகளை வாங்க முன்வந்தபோது, செட்டியார் தன்னிடம் இருந்ததைக் காசு வாங்காமல் கொடுத்தார். ஒரே கவிஞர், ஒரே வரிகள், உரிமை மட்டும் இரண்டு பெட்டிகளில் இருந்தது. அந்தக் காலத்திலேயே இவ்வளவு சிக்கல்.

உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். ‘சின்னஞ்சிறு கிளியே’ வரிகளுக்கு யாரிடமும் எதுவும் வாங்க வேண்டாம். எல்லோர் காதிலும் இருக்கும் அந்த ராகமாலிகை (பல ராகங்கள் அடுத்தடுத்து வரும்) மெட்டு 1951-ல் வந்த ‘மணமகள்’ படத்துக்காக சி.ஆர். சுப்புராமன் போட்டது. அவர் 1952-ல் சின்ன வயதிலேயே போய்விட்டார். கணக்குப் போட்டால் 2012 டிசம்பர் 31-உடன் மெட்டின் உரிமையும் முடிந்துவிட்டது. தாராளமாகப் பாடுங்கள். இந்தப் பாட்டுக்கும் கிளியரன்ஸ் என்று ஒருவர் காசு கேட்கிறார் என்றால், ஒன்று அவருக்குச் சட்டம் தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

‘துன்பம் நேர்கையில்’ அப்படி இல்லை. பாரதிதாசனின் நூல்கள் நாட்டுடைமை ஆனவை. அது போக, அவர் 1964-ல் காலமானதால் 2024-உடன் 60 வருடமும் முடிந்துவிட்டது. ஆனால் தேஷ் மெட்டு பாடகர் தண்டபாணி தேசிகருடையது. தேசிகர் மறைந்தது 1972-ல். ஆக, அந்த மெட்டுக்கு 2032 கடைசி வரை உரிமை இருக்கிறது. கச்சேரிகளில் எத்தனையோ பேர் பாடுகிறார்களே என்பீர்கள். பாடுகிறார்கள், யாரும் வழக்குப் போடுவதில்லை. அதனாலேயே உரிமை இல்லை என்று ஆகிவிடாது. ராகம் யாருக்கும் சொந்தமில்லை, தேஷ் உங்களுடையதும்தான். அந்த வரிகளைத் தேஷிலேயே உங்கள் சொந்த நடையில் அமைத்துக்கொள்ளலாம். ஆனால் ‘துன்பம் நேர்கையில் யாழ் எடுத்து நீ’ என்று எடுத்ததுமே கேட்பவர் அந்தப் பழைய மெட்டைக் கூடவே முனகத் தொடங்கினால் நீங்கள் புதிதாக ஒன்றும் செய்யவில்லை என்று அர்த்தம்.

இப்போது சக ஆசிரியை சொன்ன ‘காசு வாங்கவில்லை’ விஷயம். இதில் ஏமாறுபவர்கள் அதிகம் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். சட்டத்தின் 52-ஆவது பிரிவில் அப்படி ஒரு விலக்கு நிஜமாகவே உண்டு. தொழில்முறை அல்லாத ஒரு சபாவோ குழுவோ, கட்டணம் வாங்காமல், வந்து உட்கார்ந்திருக்கும் பார்வையாளர்களுக்கு ஒரு படைப்பை நிகழ்த்திக்காட்டினால் அது மீறல் ஆகாது. உங்கள் வகுப்பு ஆண்டுவிழாவில் பெற்றோர் முன்னால் பிள்ளைகள் பாடினால் பிரச்சினை இல்லை. அதே விழாவுக்கு 100 ரூபாய் டிக்கெட் வைத்தீர்களானால் விலக்கு போய்விடும். டிக்கெட் இல்லை, வாசலில் ‘நன்கொடை’ உண்டியல் இருக்கிறது, போடாமல் உள்ளே வர முடியாது என்றால் அதுவும் டிக்கெட்தான். காசு வாங்கிப் பாடும் தொழில்முறைப் பாடகரை அழைத்து இலவசக் கச்சேரி வைத்தாலும் இந்த விலக்கை நம்பாதீர்கள். அது தொழில்முறை அல்லாத குழுவுக்கு மட்டும். சரி, எல்லாம் இலவசம், பாடியது பிள்ளைகள்தான், அதைப் போனில் பிடித்து யூடியூபில் ஏற்றுகிறீர்கள். அந்த நிமிஷமே விலக்கு முடிந்தது. விலக்கு அந்த மேடைக்கும் அந்தப் பார்வையாளர்களுக்கும்தான். பதிவு செய்வதும் இணையத்தில் ஊருக்கெல்லாம் போய்ச் சேரவைப்பதும் வேறு உரிமைகள். விளம்பர வருமானம் வருகிறதா இல்லையா என்பதை இதில் யாரும் பார்ப்பதில்லை.

அடுத்தது நீங்கள் மெட்டுப் போட்ட இரண்டு கவிதைகள். மெட்டு உங்களுடையது. எங்கேயும் பதிவு செய்யாமலே அது உங்களுடையதுதான். வரிகளின் உரிமை 2071 முடியும் வரை கவிஞரின் வாரிசுகளிடம் இருக்கும், அவர் யாருக்காவது எழுதிக் கொடுத்திருந்தால் ஒழிய. பதிப்பாளர் ‘எனக்குத்தான்’ என்றால் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைக் காட்டச் சொல்லுங்கள். எழுத்தில் இல்லாத உரிமை மாற்றம் செல்லாது. ஒப்பந்தம் இருந்தாலும், புத்தகமாக அச்சிடும் உரிமையை மட்டும் வாங்கியவருக்கு அதை மெட்டில் பாட அனுமதி தரும் அதிகாரம் கிடையாது. காலம் குறிப்பிடாமல் எழுதிய ஒப்பந்தமானால் சட்டப்படி ஐந்து வருடம்தான். தமிழ்ப் பதிப்புலகில் எத்தனை கவிஞர்கள் ஒரு துண்டுக் காகிதம்கூட எழுதாமல் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்துவிட்டு வந்தார்கள் என்று நினைத்தால் எனக்கு வயிறு எரியும்.

அப்புறம் அந்த ‘கிளியரன்ஸ்’ மனிதர். பெரும்பாலும் இவர்கள் செய்வது இதுதான். டெல்லியில் உள்ள பதிப்புரிமை அலுவலகத்துக்கு உங்கள் பெயரில் ஒரு விண்ணப்பம் போடுவார்கள். இசைப் படைப்பு ஒன்றுக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய். போட்டவுடன் ஒரு டைரி நம்பர் வரும். அதைக் கெட்டித் தாளில் அச்சடித்து ‘காப்பிரைட் ஆகிவிட்டது’ என்று கையில் கொடுத்துவிடுவார்கள். டைரி நம்பர் என்பது விண்ணப்பம் வந்து சேர்ந்ததற்கான ரசீது மட்டுமே. ஆட்சேபம் வருகிறதா என்று 30 நாள் காத்திருந்து, பிறகு பரிசீலித்துத்தான் பதிவுச் சான்று தருவார்கள். அந்தச் சான்று கிடைத்தாலும் அது உங்கள் மெட்டுக்குத்தான். கவிஞரின் வரிகளுக்கான அனுமதியை அந்த அலுவலகத்தால் தரவே முடியாது. கேட்க வேண்டிய கதவே வேறு.

இதில் எனக்குத் தீராத கோபம் உண்டு. நாட்டுடைமை நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் தேடலாம், அந்த வரைக்கும் சந்தோஷம். ஆனால் நாட்டுடைமை ஆகாத கவிஞரின் வாரிசு யார், எங்கே இருக்கிறார் என்று சொல்ல ஒரு பதிவேடு இல்லை. கச்சேரியில் கேட்கும் ஒரு கவிதைக்கு மெட்டுப் போட்டவர் யார் என்று எழுதி வைக்கவும் யாருக்கும் தோன்றவில்லை. அம்புஜம் கிருஷ்ணா எழுதிய கீர்த்தனைகளுக்கு வெவ்வேறு வித்வான்கள் மெட்டு அமைத்தார்கள். பாடுபவர்கள் அவர் பெயரோடு நிறுத்திவிடுவார்கள், மெட்டமைத்தவர் பெயர் வரவே வராது. இந்த இருட்டில்தான் புரோக்கர்கள் பிழைக்கிறார்கள்.

பதிப்பாளரிடமிருந்து வாரிசுகளின் முகவரியை மட்டும் வாங்கிக்கொண்டு நேராக அவர்களுக்கு எழுதுங்கள். கவிஞர் உயில் எழுதவில்லை என்றால் எல்லா வாரிசுகளின் கையெழுத்தும் வேண்டும். மூத்த மகன் தலையாட்டினார் என்பது போதாது, வெளியூரில் இருக்கும் மகள் நாளைக்கு நோட்டீஸ் அனுப்பலாம். கடிதத்தில் கவிதைத் தலைப்பு, கச்சேரியா பதிவா இணையமா, எத்தனை வருடம், பணம் உண்டா இல்லையா என்று எல்லாம் இருக்கட்டும். நீங்கள் பாடப்போகும் வரிசையையும் அப்படியே எழுதி இணையுங்கள். புதுக்கவிதைக்குப் பல்லவி கிடையாது. நாம் நடுவில் இருக்கும் ஒரு வரியை எடுத்துப் பல்லவியாக்கி எட்டுத் தடவை திரும்பப் பாடுவோம், தாளத்தில் உட்காராத கடைசி வரியை விட்டுவிடுவோம். கவிஞர் முழுக் கவிதையையும் அந்தக் கடைசி வரிக்காகவே எழுதியிருக்கலாம். படைப்பைச் சிதைத்து அவர் பெயருக்குக் களங்கம் வந்தால், உரிமையை விற்ற பிறகும் கேள்வி கேட்கும் அதிகாரம் கவிஞருக்கும் அவர் பின்னால் இருப்பவர்களுக்கும் உண்டு.

பதிவேற்றிய பிறகு ‘சின்னஞ்சிறு கிளியே’வுக்கு ஏதாவது இசை நிறுவனத்தின் பெயரில் யூடியூபில் ஒரு கிளெய்ம் (‘இது எங்கள் உரிமை’ என்ற கோரிக்கை) வரலாம், பதறாதீர்கள். அது ஸ்ட்ரைக் அல்ல, அதாவது உங்கள் சேனலுக்கு எதிரான எச்சரிக்கை அல்ல. வரிகள் நாட்டுடைமை, மெட்டமைத்தவர் 1952-ல் காலமானவர், பாடியதும் வாசித்ததும் எங்கள் குழு என்று மூன்று வரியில் மறுப்பு எழுதுங்கள். எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள் உண்டு. ஆனால் பின்னணிக்கு இணையத்தில் இறக்கிய கரோக்கே டிராக்கைப் போட்டிருந்தால் இந்த மறுப்பு எடுபடாது, அந்த டிராக் வேறொருவரின் சொத்து. சுருதிப்பெட்டியும் மிருதங்கமும் வைத்து நீங்களே பதிந்துவிடுங்கள். பாடும் பிள்ளைகளின் பெற்றோரிடமும் பக்கவாத்தியக்காரரிடமும் அன்றைக்கே ஒரு பக்கத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.