டாட்சன் 240இசட்: பின்புற சஸ்பென்ஷன் ஸ்பிண்டில் இறுகிவிட்டது, எப்படிக் கழற்றுவது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 1972 மாடல் 240இசட் கார் வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். பின்சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் ஆர்மின் (கை போன்ற இரும்புச் சட்டம்) ரப்பர் புஷ்களை மாற்றப் போனாராம். இரண்டு முனை நட்டுகளும் வந்துவிட்டன. ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) அடிப்பாகத்தில் குறுக்கே போய் அதை ஆர்மோடு இணைக்கும் தண்டான ஸ்பிண்டில் மட்டும் எவ்வளவு அடித்தும் நகரவில்லை, மரை நசுங்க ஆரம்பித்துவிட்டது, அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்கிறார்.

முதலில் சுத்தியலைக் கீழே வையுங்கள். இந்த வேலையில் காப்பாற்ற வேண்டிய பொருள் ஸ்பிண்டில் இல்லை, அது நுழைந்திருக்கும் ஹவுசிங். ஸ்பிண்டில் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. ஹவுசிங் ஸ்ட்ரட் குழாயோடு ஒரே துண்டு. அதில் விரிசல் விழுந்தாலோ துளை கோணலானாலோ பழைய ஸ்ட்ரட் தேடி அலைய வேண்டும். ஆகவே ஸ்பிண்டிலைப் பலி கொடுக்க இப்போதே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். இதை முதலிலேயே முடிவு செய்துவிட்டால் மற்ற எல்லா வேலையும் நிதானமாக நடக்கும்.

இது உங்கள் வண்டிக்கு மட்டும் வந்த நோய் இல்லை. 240இசட், 260இசட், 280இசட் மூன்றிலும் இதே அமைப்புதான். நீளமான எஃகுத் தண்டு இடைவெளியே இல்லாத துளைக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஓரங்களில் தண்ணீர் கசிந்தால் உள்ளே துரு பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். துளைக்குள் அதற்கு இடம் ஏது? அதனால் இரு பக்கத்தையும் நெருக்கிப் பிடித்துக்கொள்கிறது. ஐம்பது வருடமாக டர்பன் கடற்காற்றில் நின்ற வண்டி என்றால் சொல்லவே வேண்டாம். இங்கே பழைய கார் வாங்குகிறவர்கள் "இது கடற்கரை வண்டியா, (கடலுக்குத் தள்ளி இருக்கும்) ஜோகன்னஸ்பர்க் வண்டியா" என்று முதலில் விசாரிப்பதே இதற்காகத்தான்.

அடுத்து ஒரு கேள்வி. பூட்டு போல்ட்டைக் கழற்றினீர்களா? ஹவுசிங்கின் நடுவில், ஸ்பிண்டிலுக்குக் குறுக்கே ஆப்பு மாதிரி சரிந்த ஒரு சின்ன போல்ட் இருக்கும். ஸ்பிண்டிலில் வெட்டியிருக்கும் பள்ளத்தில் அது உட்கார்ந்து பிடித்துக்கொள்ளும். அது உள்ளே இருக்கும்வரை பத்து பேர் சேர்ந்து அடித்தாலும் ஒன்றும் ஆகாது. அதன் நட்டை மரை முனைக்குச் சமமாக வரும்வரை தளர்த்தி, நட்டின் மேல் பித்தளைத் துண்டு வைத்துத் தட்டினால் ஆப்பு பின்வாங்கும். போல்ட் வந்த பிறகு மிஞ்சும் ஓட்டை உங்களுக்கு ஒரு வரம். ஸ்பிண்டிலின் நடுப்பகுதிக்கே நேராக எண்ணெய் விட வேறு வழி கிடையாது.

துரு இளக்கும் எண்ணெயை அந்த ஓட்டையிலும் இரண்டு ஓரங்களிலும் காலையும் மாலையும் விடுங்கள், சில நாட்கள் பொறுங்கள். டோங்காட் பக்கம் சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்த என் பெரியப்பாவிடம்தான் இந்தப் பொறுமையைக் கற்றுக்கொண்டேன். கரும்பு டிரெய்லரில் இறுகிப்போன பின்னைக் கழற்ற வேண்டும் என்றால் வெள்ளிக்கிழமையே எண்ணெய் விட்டுவிட்டுத் திங்கட்கிழமைதான் தொடுவார்.

அந்த நாட்களில் இன்னொரு வேலையை முடித்துவிடுங்கள்: ஸ்ட்ரட்டையும் ஆர்மையும் ஒன்றாகவே வண்டியிலிருந்து இறக்குங்கள். முன்சக்கரங்களுக்கு அண்டை கொடுத்து, வண்டியைச் சரியான ஸ்டாண்டுகளில் நிறுத்துங்கள். கான்கிரீட் கல் வேண்டவே வேண்டாம், அது பாரத்தில் திடீரென்று உடையும். டிரைவ் ஷாஃப்ட், பிரேக் பைப், ஹேண்ட்பிரேக் கேபிள், ஆர்மின் உள்பக்க மவுண்டுகள் கழன்ற பிறகு, ஸ்ட்ரட்டின் உச்சியை வண்டியோடு பிடித்திருக்கும் மூன்று நட்டுகளைக் கழற்றுங்கள். நடுவில் இருக்கும் பெரிய நட்டைத் தொடாதீர்கள். ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்திருப்பது அதுதான். கழன்றால் உயிருக்கே ஆபத்து. வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து மல்லுக்கட்டுவதற்கும் மேஜையில் வைத்து வேலை பார்ப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். நெருப்பு காட்ட வேண்டி வந்தால் பெட்ரோல் டேங்க் பக்கத்தில் இருக்காது என்பதும் பெரிய நிம்மதி.

இப்போது ஸ்பிண்டிலுக்கு வருவோம். என் அழுத்தமான கருத்து: அடிக்காதீர்கள், இழுங்கள். ஒரு முனையில் அடித்தால் தண்டு நீளவாக்கில் அமுங்கி, மிக நுண்ணிய அளவுக்குப் பருக்கிறது, துளையை இன்னும் இறுக்குகிறது. இழுத்தால் அதே நுண்ணிய அளவுக்கு மெலிகிறது. மரையும் நசுங்காது.

இழுப்பான் செய்வது சுலபம். நீளமான இணைப்பு நட்டு ஒன்று, அதில் பூட்ட 10.9 தரமுள்ள போல்ட், கனமான வாஷர்கள், ஒரு துண்டு தடித்த இரும்புக் குழாய். ஸ்பிண்டிலின் முனை மரை 12 மி.மீ., 1.25 பிட்ச் (மரைச் சுற்றுகளுக்கு இடையே உள்ள தூரம், மி.மீ. கணக்கில்). சாதாரண ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 12 மி.மீ. சாமான் பெரும்பாலும் 1.75 பிட்ச்சாக இருக்கும். அதை முறுக்கி ஏற்றினால் மரை போய்விடும். நீங்கள் கழற்றிய நட்டைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். இணைப்பு நட்டைப் பாதிவரை ஸ்பிண்டிலில் ஏற்றுங்கள். குழாயை அதன் மேல் நிறுத்துங்கள். அது ரப்பரின் மேல் இல்லாமல் ஆர்மின் இரும்பு வளையத்தின் மேல் உட்கார வேண்டும். அந்தப் பக்கம் ஆர்முக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே இரும்புத் துண்டு ஒன்றை அடை கொடுங்கள், இல்லாவிட்டால் ஆர்ம் வளையும். வாஷர் போட்டு, மறுபாதியில் போல்ட்டை ஏற்றி, மரைக்கு எண்ணெய் தடவி இறுக்குங்கள். நன்றாக இறுகியதும் மறுமுனையில் பித்தளை வைத்து மிதமாகத் தட்டலாம். இழுவிசை இருக்கும்போது தட்டுவது வேறு, வெறுமனே தட்டுவது வேறு. அசையாவிட்டால் அப்படியே இறுக்கத்தில் இரவு முழுக்க விட்டுவிடுங்கள். சில சமயம் காலையில் போல்ட் தானாகவே தளர்ந்திருக்கும். ஸ்பிண்டில் நகர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

சூடு காட்டலாமா? காட்டலாம், ஆனால் அதிசயம் எதிர்பார்க்காதீர்கள். 16 மி.மீ. துளையுள்ள எஃகை 200 டிகிரி கூடுதலாகச் சூடேற்றினால் துளை சுமார் 0.04 மி.மீ. தான் விரியும், அதற்குள் தண்டும் சூடாகத் தொடங்கிவிடும். சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வரும்போது துருவின் பிடி உடைகிறது என்பதுதான் உண்மையான லாபம். ஆகவே ஹவுசிங்கை மட்டும் சூடாக்கி, ஆறவிட்டு, எண்ணெய் விட்டு, திரும்பவும் செய்யுங்கள். ஸ்ட்ரட் குழாய்க்குள் ஷாக் அப்சார்பர் எண்ணெய் இருக்கிறது, மேலே சக்கர பேரிங் கிரீஸ் இருக்கிறது. டார்ச்சை அந்தப் பக்கம் திருப்பாதீர்கள். அதைவிட முக்கியம், பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் நெருப்பு காட்டவே கூடாது. குளோரின் கலந்த வகையாக இருந்தால் ஃபாஸ்ஜீன் என்ற கொடிய விஷவாயு உண்டாகும்.

இதற்கும் மசியவில்லை என்றால் அறுத்துவிடுங்கள். ஆர்முக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இரு பக்கமும் இருக்கும். அங்கே கிரைண்டர் நுழையாது. முன்னும் பின்னும் ஓடும் மின்ரம்பத்தில் நல்ல பைமெட்டல் பிளேடு போட்டு, மெதுவான வேகத்தில், எண்ணெய் விட்டு அறுக்க வேண்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஆர்ம் தனியாகக் கழன்றுவிடும். ஹவுசிங்குக்குள் தண்டின் நடுத்துண்டு மட்டும் நிற்கும்.

அதை ஒரு நல்ல லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். டர்பனில் சாட்ஸ்வொர்த், ஸ்பிரிங்ஃபீல்ட் பக்கம் விசாரித்தால் 20 டன் ஹைட்ராலிக் பிரஸ் உள்ள பட்டறை கிடைக்கும். பூட்டு போல்ட் வெளியே வந்துவிட்டது என்பதை அவர்களிடம் காட்டிவிடுங்கள், ஹவுசிங்கின் முகத்துக்கு அடியில் தட்டையாகத் தாங்கல் கொடுக்கச் சொல்லுங்கள். நகரும்போது துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம் வரும், பயப்பட வேண்டாம். பிரஸ்ஸிலும் நகராவிட்டால் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போக விடாதீர்கள். தண்டின் நடுவில் நீளவாக்கில் துளை போட்டுவிட்டால் அதன் விறைப்பு குறையும், அப்புறம் குறைந்த அழுத்தத்திலேயே வந்துவிடும்.

திரும்பப் பூட்டும்போது துளையை எமரித் தாளால் துரு போகத் துடையுங்கள், புது ஸ்பிண்டில் கையால் தள்ளினாலே நுழைய வேண்டும். நீளம் முழுக்கப் படகுக்குப் போடும் கிரீஸ் அல்லது ஆன்டி சீஸ் (இறுகிப்போகாமல் தடுக்கும் பசை) பூசுங்கள், ஓர ரப்பர் வளையங்களைப் புதிதாகப் போடுங்கள். பூட்டுப் பள்ளம் ஸ்பிண்டிலின் சரிபாதியில் இல்லை; பள்ளத்திலிருந்து குட்டையான முனை வண்டியின் முன்பக்கம் பார்க்க வேண்டும். ரப்பர் புஷ் என்றால் முனை நட்டுகளைக் கடைசியாக இறுக்குவது வண்டி தன் சக்கரங்களில் நின்ற பிறகுதான். அந்தரத்தில் தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். பிரேக்கில் காற்று எடுத்து, வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள். மறுபக்கத்துப் பூட்டு போல்ட் ஓட்டைக்கு இன்றைக்கே எண்ணெய் விட ஆரம்பியுங்கள், அங்கேயும் இதே துருதான் காத்திருக்கும்.