கடவுச்சொல் சரி, ஆனால் மட் திறக்கவில்லை

கேள்வி: பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டு, டெர்மினலில் (கட்டளை தட்டும் திரையில்) ஓடும் மட் (Mutt) என்ற மின்னஞ்சல் செயலியை நிறுவினேன். ஜிமெயில் கடவுச்சொல் சரியாகக் கொடுத்தும் உள்ளே விடவில்லை. வேறொரு கணக்கில் தமிழ்க் கடிதங்கள் வெறும் கேள்விக்குறிகளாகத் தெரிகின்றன.
– வாசகி, பொகவந்தலாவை

பதில்: உங்கள் கடவுச்சொல்லில் குறையில்லை தங்கச்சி. 2022 மே மாதத்திலிருந்து தனிப்பட்ட கணக்குகளுக்கு இப்படிப்பட்ட செயலிகளில் வழக்கமான கடவுச்சொல்லை கூகுள் ஏற்பதில்லை. கணக்கில் இரண்டு படிச் சரிபார்ப்பைப் போட்டுவிட்டு, ‘ஆப் பாஸ்வேர்ட்’ (செயலிக்கென்றே கூகுள் தரும் தனிக் கடவுச்சொல்) ஒன்று எடுங்கள். 16 எழுத்து வரும்; இடைவெளி விடாமல் அதையே கொடுங்கள். கடிதம் வாங்க ஐமேப் (IMAP) முறை, போர்ட் 993. அனுப்ப எஸ்எம்டிபி (SMTP) முறை, போர்ட் 587. கடவுச்சொல்லை எழுதி வைக்கும் மட்டின் அமைப்புக் கோப்பை வேறெவரும் படிக்காதபடி அனுமதியை 600 ஆக்குங்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே கணினி என்றால் இது கட்டாயம்.

கேள்விக்குறிக்குக் காரணம் பெரும்பாலும் லொகேல், அதாவது கணினியின் மொழி, எழுத்து அமைப்பு. டெர்மினலில் ‘locale’ கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள்; தமிழையும் காட்டவல்ல எழுத்துமுறையான யூடிஎஃப்-8 (UTF-8) என்று வராவிட்டால் மாற்றுங்கள். அதன் பிறகும் கொம்பு தள்ளி நின்றால் குற்றம் டெர்மினலுடையது, மட் செயலியைத் திட்டாதீர்கள்.

நம் மலைப்பக்க சிக்னலுக்கு இன்னொன்று: ஹெடர் கேஷை (கடிதத் தலைப்புகளைக் கணினியிலேயே சேமித்து வைக்கும் வசதியை) இயக்குங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தலைப்புகள் எல்லாம் மறுபடி இறங்கும், டொங்கிளில் போட்ட ரீலோட் கரையும். கடிதத்தைத் திறந்தால் அதில் இணைத்த கோப்பும் சேர்ந்தே வரும். ஆகவே பட்டியலில் அளவைப் பார்த்துவிட்டு என்டரைத் தட்டுங்கள். கல்யாண ஆல்பம் இரவு வரை காத்திருக்கட்டும்.