டைம்டேபிள் மூன்றே நாளில் விட்டுப்போகிறது, என்ன செய்வது?

கேள்வி: எனக்கு 25 வயது. மதுரையில் வீட்டிலிருந்தே குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். எனக்கு ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகை இயக்கக் குறைபாடு) இருப்பதாகப் போன வருடம் மனநல மருத்துவர் சொன்னார். அதற்காக மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை எடுக்கிறேன். ஆசை ஆசையாக டைம்டேபிள் போடுவேன், மூன்றாம் நாள் விட்டுப்போகும். அப்பா ‘சோம்பேறி’ என்கிறார். சுய ஒழுக்கம் எனக்கு வரவே வராதா?

பதில்: வரும். முதலில் டைம்டேபிள் போடுவதை நிறுத்துங்கள்.

ஏ.டி.எச்.டி.யைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி, தெரிந்ததை உரிய நேரத்தில் செய்ய முடியாமல் போவதே இதன் மையச் சிக்கல் என்கிறார். எப்படிப் படிப்பது என்பது உங்களுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் மாதக்கணக்கில் தள்ளி இருக்கும் தேர்வு இந்த மூளையை லேசில் அசைக்காது. இப்போதே கிடைக்கும் பலன்தான் அசைக்கும். புது டைம்டேபிள் போடுவது உடனே இன்பம் தருகிற வேலை. மூன்றாம் நாள் அந்தப் புதுமை தீர்ந்துவிடுகிறது. இதற்குச் சோம்பல் என்று பெயர் வைப்பது தவறு. அப்பாவிடம் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள்.

ஆகவே மன உறுதிக்காகக் காத்திருக்காமல், தொடங்கும் நேரம், இடம், கூட இருக்கும் ஆள் ஆகியவற்றை வெளியே அமைத்துக்கொள்ள வேண்டும். உங்களைப் போன்றவர்களுக்குப் படிப்பதைவிடத் தொடங்குவதுதான் கடினம் என்பதால், உழைப்பை அங்கேயே போடுங்கள். ‘இன்று ஆறு மணி நேரம் படிப்பேன்’ என்பது மூளைக்குப் பிடி கொடுக்காத வாக்கியம். ‘காலை டீ குடித்து டம்ளரைக் கீழே வைத்ததும், மேசையில் இருக்கும் பழைய வினாத்தாளில் 10 கேள்வி போடுவேன்’ என்பது பிடி கொடுக்கும். இன்னது நடந்ததும் இன்னது செய்வேன் என்று முன்கூட்டியே முடிச்சுப் போடும் இந்த முறையை உளவியலாளர் பீட்டர் கால்விட்சர் விரிவாக ஆராய்ந்தார். ஏ.டி.எச்.டி. உள்ள குழந்தைகளிடமும் இது சோதிக்கப்பட்டுப் பலன் தந்திருக்கிறது. வினாத்தாளை முந்தின இரவே திறந்து, மேலே பேனாவை வைத்துவிடுங்கள். காலையில் தேட நேர்ந்தால் அங்கேயே கவனம் சிதறிவிடும்.

ஏன் 10 கேள்வி? குரூப் 4-இல் 200 கேள்விக்கு 3 மணி நேரம், அதாவது கேள்விக்கு 54 விநாடி. 10 கேள்விக்கு 9 நிமிடம். அந்த 9 நிமிடத்துக்குத் தனி டைமர் வாங்குங்கள். செல்போனில் வைத்தால் அலாரத்தை நிறுத்தப் போய் ரீல்ஸில் உட்கார்ந்துவிடுவீர்கள். போன் அடுத்த அறையில் இருக்கட்டும். மணி அடித்ததும் விடைகளைச் சரிபாருங்கள். சரியா தவறா என்று அப்போதே தெரிவதுதான் உங்களுக்குத் தேவையான உடனடிப் பலன். தொடர முடிந்தால் தொடருங்கள். முடியாவிட்டாலும் அன்றைய கடமை முடிந்தது.

பக்கத்தில் இன்னொருவர் தன் வேலையில் மூழ்கியிருந்தால் இந்தக் குறைபாடு உள்ள பலருக்கு உட்கார முடிகிறது. உங்கள் ஊரிலேயே கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. வாரத்தில் சில நாள் அங்கே போய்ப் படியுங்கள். மற்ற நாட்களில் அப்பாவை உதவிக்குக் கூப்பிடுங்கள். இரவில் ‘படிச்சியா?’ என்று கேட்பதற்குப் பதில், காலையில் அரை மணி நேரம் எதிரே உட்கார்ந்து அவர் செய்தித்தாள் படிக்கட்டும். அறிவுரை எதுவும் வேண்டாம்.

இத்தனை செய்தும் சில நாள் விட்டுப்போகும். அப்போது புதுத் திட்டம் போடத் தோன்றும், போடாதீர்கள். விட்ட நாட்களை ஈடுகட்டவும் வேண்டாம், அந்தக் கடன்சுமையே மறுபடி உட்கார விடாது. திரும்பி வரும் நாளுக்கு ஒரே விதி: அதே மேசை, அதே 10 கேள்வி. எத்தனை நாள் விடாமல் படித்தீர்கள் என்று எண்ணுவதைவிட, விட்டபின் எவ்வளவு சீக்கிரம் திரும்பினீர்கள் என்று கவனியுங்கள்.

மாத்திரை கவனத்துக்கு உதவும். அந்தக் கவனம் எங்கே போக வேண்டும் என்பதை அது தீர்மானிக்காது. அது எந்த நேரத்தில் வேலை செய்கிறது, எப்போது குறைகிறது என்று ஒரு வாரம் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். படிக்கும் நேரத்தை அதற்கேற்ப நகர்த்தலாம். அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. தூக்கமின்மை, பதற்றம், மனச்சோர்வு இருந்தால் அதையும் சொல்லுங்கள். அவையும் கவனத்தைக் கெடுப்பவை. ஏ.டி.எச்.டி.க்கான அறிவாற்றல் நடத்தை சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் பேச்சு சிகிச்சை) பற்றியும் கேளுங்கள். மனம் மிகவும் தளரும் நாளில், அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம்: அரசின் இலவச மனநல உதவி எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம்.