வண்டி கேள்வி-பதில்: சிந்தெடிக் ஊற்றினால் சீல் போகுமா?

கேள்வி: என் பெட்ரோல் கார் 2009 மாடல், 1,20,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இதுவரை கச்சா எண்ணெயிலிருந்து சுத்திகரித்தெடுக்கும் மினரல் என்ஜின் ஆயில்தான். செயற்கையாகத் தயாரிக்கும் சிந்தெடிக் ஆயிலுக்கு மாறலாம் என்றால், "சீல் எல்லாம் போயிடும், ஒழுகும்" என்கிறார் மெக்கானிக். உண்மையா?
- வாசகர், ஈரோடு

பதில்: அவர் பயம் 1970-களில் நியாயமானது. சீல் என்பது என்ஜின் ஆயில் வெளியே கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம். மினரல் ஆயிலில் உள்ள அரோமாட்டிக் என்ற வேதிப்பொருள்கள் சீல் ரப்பருக்குள் ஊறி அதைக் கொஞ்சம் உப்ப வைக்கும். அன்றைய சிந்தெடிக்கின் அடிப்படையான பிஏஓ என்ற செயற்கை எண்ணெய் அப்படி ஊறாது. ரப்பர் சுருங்கி, விளிம்பு வழியே ஆயில் கசிந்தது. பிறகு ரப்பரை உப்ப வைக்கும் எஸ்டர் என்ற வேதிப்பொருளைக் கலந்து சரிக்கட்டினார்கள். 2010-ல் வந்த ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) எஸ்என் என்ற ஆயில் தரத்தில் ரப்பர் பரிசோதனையே உண்டு. நல்ல சீலை இன்றைய சிந்தெடிக் கெடுக்காது.

உங்கள் சீல் நல்ல சீல்தானா என்பதுதான் கேள்வி. பதினைந்து வருஷச் சூட்டில் ரப்பர் இறுகியிருக்கும். விரிசலைப் பழைய ஆயில் கசடு அடைத்துக்கொண்டிருக்கும்; புது ஆயில் அந்தக் கசடைக் கரைத்ததும் கசிவு தெரியும். பழி ஆயில் மேல் விழும்!

மாற்றுமுன் என்ஜினின் வெளிப்புறத்தையும் அடியையும் நன்றாகத் துடைத்துவிட்டு 200 கி.மீ. ஓட்டுங்கள். என்ஜினின் மேல்மூடியான டேப்பெட் கவரின் பேக்கிங், கிராங்க் புல்லிக்குப் பின்னால் உள்ள முன்பக்க சீல், அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பின் ஓரம், என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடம் ஆகியவற்றில் ஈரம் இருக்கிறதா பாருங்கள். கடைசி இடம் நனைந்திருந்தால் பின்பக்க கிராங்க் சீல் காரணமாக இருக்கலாம். சீல் விலை சொற்பம். கியர்பாக்ஸ் இறக்கும் கூலிதான் கையைக் கடிக்கும்.

சீலைக் கழற்றுமுன் என்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வையும் ப்ரீதர் குழாயையும் பாருங்கள். அவை அடைத்திருந்தால் உள்ளழுத்தம் ஏறி, புது சீலும் கசியும். ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கின் மேல்கோட்டைத் தாண்டி ஆயில் ஊற்றுவதும் தப்பு.

எல்லாம் காய்ந்திருந்தால் தாராளமாக மாறுங்கள். கெட்டியான 20W-50 கிரேடிலிருந்து ஒரேயடியாக மிக மெல்லிய 0W-20-க்குத் தாவாதீர்கள். கையேட்டில் உள்ள கிரேடுதான் கணக்கு. முதல் 2,000 கி.மீ. வரை 500-க்கு ஒரு முறை டிப்ஸ்டிக் பாருங்கள். லேசான கசிவுக்கு, அதிகம் ஓடிய என்ஜின்களுக்கான 'ஹை மைலேஜ்' ஆயில் உதவலாம். கிழிந்த சீலுக்கு எந்தப் பாட்டிலும் மருந்தல்ல.

கேள்வி: வழியில் ஆயில் குறைந்தால், சிந்தெடிக்கோடு மினரலைக் கலக்கலாமா?
- வாசகி, கரூர்

பதில்: கலக்கலாம், சீலுக்கு ஒன்றும் ஆகாது. கிரேடு ஒன்றாக இருக்கட்டும். ஆனால் அடுத்த ஆயில் மாற்றத்துக்கு மினரல் ஆயிலின் கெடுவையே பின்பற்றுங்கள்.