தமிழ்நாட்டில் படித்த எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) பட்டத்தை வைத்து நியூசிலாந்தில் சமூகப் பணியாளராகப் பதிவு செய்ய முடியுமா?

முடியும். ஆனால் பட்டத்தின் பெயரை மட்டும் பார்த்துப் பதிவு தர மாட்டார்கள். 2003-ம் ஆண்டுச் சட்டப்படி சமூகப் பணியாளர் பதிவு வாரியம்தான் அங்கே முடிவெடுக்கிறது. 2021 பிப்ரவரி 27 முதல் பதிவு கட்டாயம். பதிவில்லாமல் சமூகப் பணியாளர் என்ற பெயரில் வேலை பார்க்கக் கூடாது.

நம் ஊர்க்காரர்களுக்குச் சிக்கல் பாடத்திட்டத்தில்தான். எம்.எஸ்.டபிள்யூ.வில் மனிதவளம் எடுத்துப் படித்தவர்கள் ஏராளம். களப்பணி முழுக்கத் தொழிற்சாலையின் ஹெச்.ஆர். பிரிவில் கழிந்திருந்தால், குழந்தைகள் பாதுகாப்பு, மனநலம், குடும்பப் பணி எங்கே என்று கேட்பார்கள், கேட்பதும் நியாயம்தான். மருத்துவ, மனநலச் சமூகப் பணி படித்தவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. மதிப்பெண் பட்டியலோடு, பாடத்திட்டத்தையும் களப்பணி மணிநேரம், மேற்பார்வை செய்தவர் விவரம் அடங்கிய கடிதத்தையும் கல்லூரியில் இப்போதே வாங்கிவிடுங்கள். வேலைக்குச் சேர்ந்த பிறகு அலைவது பெரும்பாடு.

இந்தியாவில் சமூகப் பணி முழுவதற்குமான தனிச் சட்டபூர்வப் பதிவு கவுன்சில் இல்லை. ஆகவே பெரும்பாலோருக்கு முந்தைய பதிவுச் சான்று என்று காட்ட எதுவும் இருக்காது. வேலை பார்த்த இடங்களின் விரிவான அனுபவக் கடிதங்கள்தான் கைகொடுக்கும்.

இன்னொன்று, நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களோடு பணிபுரியும் தகுதியையும் சட்டமே கேட்கிறது. அதை இங்கே எந்தக் கல்லூரியும் சொல்லித்தராது, தனியாகத்தான் கற்க வேண்டும்.

அங்கீகரிக்கப்பட்ட பட்டமே இல்லாதவர்களுக்கு, அனுபவத்தை வைத்து விண்ணப்பிக்க அதே சட்டத்தில் 13-ம் பிரிவு இருக்கிறது. பட்டம் வைத்திருப்பவர் அதை நம்பிக் கிளம்ப வேண்டாம்.