சிறைக்குள் படிக்கும் கம்ப்யூட்டர் படிப்புக்கு வெளியே வேலை கிடைக்குமா?

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகனுக்கு 24 வயது. தண்டனையில் இன்னும் இரண்டு வருடம் பாக்கி. உள்ளே கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்கப் போகிறார்கள், சேரட்டுமா என்று, மனு போட்டு அவனைப் பார்க்கப் போனபோது உங்களிடம் கேட்டிருக்கிறான். "இண்டர்நெட்டே இல்லாத இடத்தில் என்ன படிக்க முடியும்? படித்தாலும் கேஸ் இருக்கிறவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்?" என்று எழுதியிருக்கிறீர்கள்.

சேரச் சொல்லுங்கள். ஆனால் எதில் சேர்வது, அதை வைத்து வெளியே வந்து என்ன செய்வது என்பதை இப்போதே யோசித்துக்கொள்ள வேண்டும்.

இண்டர்நெட் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அமெரிக்காவில் சான் குவென்டின் சிறையில் 'தி லாஸ்ட் மைல்' என்ற தொண்டு அமைப்பு 2014-லேயே கோடிங், அதாவது புரோகிராம் எழுதும் வகுப்பைத் தொடங்கியது. அங்கே படித்தவர்களுக்கும் இண்டர்நெட் கிடையாது. இணையதளம் வடிவமைப்பதற்கான ஹெச்.டி.எம்.எல், சி.எஸ்.எஸ், ஜாவாஸ்கிரிப்ட் மூன்றையும் கற்க நெட் தேவையில்லை. ஒரு எடிட்டரில் எழுதிச் சேமித்து, அதே கம்ப்யூட்டரில் உள்ள பிரவுசரில் திறந்தால் பக்கம் வந்துவிடும். சிறை வகுப்பை இங்கிருந்து தொடங்குவது சுலபம் என்பது இதனால்தான். விக்கிப்பீடியாவையும், புரோகிராமர்கள் சந்தேகம் கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவையும் இறக்கி வைத்து நெட் இல்லாமல் படிக்க 'கிவிக்ஸ்' என்று ஒரு இலவச மென்பொருளும் இருக்கிறது. வகுப்பு கம்ப்யூட்டரில் அதைப் போட அனுமதி உண்டா என்று உங்கள் மகன் ஆசிரியரிடம் கேட்கலாம்.

நெட் இல்லாமல் படித்தவர்களிடம் ஒரு நல்ல பழக்கத்தைப் பார்த்திருக்கிறேன். விடுதலையாகி வந்த ஒரு பையன் ஆலோசனைக்காக என்னிடம் வந்தான். பையிலிருந்து முதலில் எடுத்தது சான்றிதழ் இல்லை, ஒரு பழைய கோடு போட்ட நோட்டு. உள்ளே வாரத்துக்கு இரண்டு நாள்தான் கம்ப்யூட்டர் கைக்குக் கிடைக்குமாம். மற்ற நாளெல்லாம் நோட்டில் பென்சிலால் புரோகிராம் எழுதியிருக்கிறான். ஒவ்வொரு பக்கத்திலும் வலது ஓரத்தில் கட்டம் போட்டு, ஒவ்வொரு வரி ஓடி முடிந்ததும் எந்த வேரியபிளில் (புரோகிராம் மதிப்பைப் போட்டு வைக்கும் பெயர்) என்ன மதிப்பு இருக்கும் என்று எழுதி வைத்திருந்தான். அழித்து அழித்து சில இடங்களில் தாள் நைந்து போயிருந்தது. ஒரு பக்கத்தை என் கம்ப்யூட்டரில் அடித்துக் காட்டச் சொன்னேன். டைப்பிங் மெதுவாகத்தான் வந்தது. ஓட்டியதும் எரர், அதாவது பிழைச் செய்தி வந்தது. என் முகத்தைப் பார்க்காமல், அந்த எரர் செய்தியைக் கடைசி வார்த்தை வரை படித்தான். எந்த வரி என்று எண்ணிப் போய், விட்டுப்போன ஒரு அடைப்புக்குறியைப் போட்டான், ஓடியது. கல்லூரி முடித்து வருகிறவர்களில் எத்தனையோ பேர் எரர் செய்தியைப் படிக்காமலே அப்படியே நெட்டில் ஒட்டித் தேடுவதைப் பார்த்தவன் நான். அதனால் அந்த நோட்டைப் பத்திரமாக வைத்துக்கொள், இண்டர்வியூவுக்கும் எடுத்துப் போ என்று சொல்லி அனுப்பினேன்.

இப்போது வேலை விஷயம். அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம், அந்த நாட்டுச் சிறைக்கல்வி பற்றி அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2013-ல் ஒரு அறிக்கை வெளியிட்டது. உள்ளே படித்தவர்கள், படிக்காதவர்களை விட, மீண்டும் குற்றத்துக்குத் திரும்பும் வாய்ப்பு 43 சதவீதம் குறைவு என்று அதில் இருக்கிறது. வேலை கிடைக்கும் வாய்ப்போ 13 சதவீதம்தான் அதிகம். படிக்க முன்வருகிறவர்கள் ஏற்கெனவே திருந்த நினைப்பவர்களாகவும் இருக்கலாம், அதையும் கணக்கில் வைக்க வேண்டும். நான் இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே பெற்றோருக்குச் சொல்வேன். படிப்பு உங்கள் மகனைத் தாங்கிப் பிடிக்கும், ஆனால் வேலை தானாக வந்துவிடாது, அதற்குத் தனியாக உழைக்க வேண்டும்.

எந்தப் படிப்பு? ஏ.ஐ, சைபர் செக்யூரிட்டி என்று பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். குறிப்பாக சைபர் செக்யூரிட்டியிலும் வங்கித் துறையிலும் ஆளைப் பற்றிய பின்னணி விசாரணை கடுமையாக இருக்கும். கேஸ் உள்ளவருக்கு அந்தக் கதவு திறப்பது கஷ்டம். உள்ளே இருக்கும்போது தினமும் பழக முடிகிற, வெளியே வந்ததும் செய்து காட்ட முடிகிற வேலையாகத் தேர்ந்தெடுங்கள். இணையதள வடிவமைப்பு அப்படிப்பட்டது. மென்பொருளில் பிழை இருக்கிறதா என்று சோதிக்கும் டெஸ்டிங்கும் அப்படித்தான். கையால் செய்யும் வேலையில் மனம் போகிறது என்றால் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது, நெட்வொர்க் கேபிள் போடுவது நல்லது. சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க்கிங் பாடங்கள் சில நாட்டுச் சிறைகளில் நடக்கின்றன, அந்தச் சான்றிதழை வெளியே உள்ள நிறுவனங்களுக்கும் தெரியும். ஏ.ஐ-க்குக் கற்றுக்கொடுக்க, வாக்கியங்களைப் படித்து அவை எதைப் பற்றியவை என்று குறியிடும் வேலையை ஃபின்லாந்து சிறைகளில் 2019-ல் கொடுத்தார்கள். கிடைத்தால் செய்யட்டும், கைச்செலவுக்கு ஆகும். அதையே தொழிற்பயிற்சி என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அதில் அடுத்த படி என்று ஒன்று இல்லை.

சேரும் முன் வகுப்பு நடத்துகிறவர்களிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. சான்றிதழில் சிறையின் பெயர் வருமா, அல்லது தேர்வு நடத்தும் அமைப்பின் பெயர் மட்டும்தானா? நடுவில் வேறு சிறைக்கு மாற்றிவிட்டால், விட்ட இடத்திலிருந்து தொடர முடியுமா? இந்த இடமாற்றத்தால் படிப்பு பாதியில் நின்று போவது உண்டு. அப்புறம், விடுதலையாகும்போது அவன் செய்த வேலைகளைக் கோப்பாகக் கொடுப்பார்களா? கம்ப்யூட்டரில் செய்ததெல்லாம் உள்ளேயே தங்கிவிட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. தர மாட்டார்கள் என்றால் நோட்டில் எழுதி வைப்பதுதான் வழி.

கம்ப்யூட்டர் மோசடி போன்ற வழக்கு என்றால், விடுதலைக்குப் பிறகு போன், நெட் பயன்படுத்தவே நிபந்தனை போடுவது உண்டு. உங்கள் மகனின் வழக்கு எது என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. வக்கீலிடம் இதை மட்டும் தெளிவாகக் கேட்டுவிடுங்கள்.

கேஸ் பற்றி நிறுவனத்தில் எப்போது சொல்வது? பயோடேட்டாவின் முதல் வரியில் வேண்டாம். மறைக்கவும் வேண்டாம். மறைத்துச் சேர்ந்து, ஆறு மாதம் கழித்துத் தெரியவந்து வேலை போனால், அந்த அடி முதல் தடவை 'இல்லை' என்று கேட்பதை விட வலிக்கும். விண்ணப்பத்தில் நேரடியாகக் கேட்டால் உண்மையை எழுத வேண்டும். கேட்கவில்லை என்றால், வேலையைப் பார்த்து அவர்களுக்குப் பிடித்து, வேலைக்கான ஆர்டர் தரும் முன் சொல்ல வேண்டும். என்ன நடந்தது, அதற்குப் பொறுப்பு யார், அதன் பிறகு என்ன கற்றேன் என்று மூன்று வாக்கியம் போதும். குரல் நடுங்காமல் சொல்ல வரும்வரை பழகட்டும். எந்தெந்த வேலைகளில் கேஸ் விவரத்தைக் கேட்கலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அதை இலவச சட்ட உதவி மையத்தில் விசாரியுங்கள்.

பெற்றோர் மறந்துவிடுகிற ஒன்று முதல் மாதம். வெளியே வந்ததும் பையனிடம் போன் நம்பர் இருக்காது. நம்பர் இல்லாமல் ஓ.டி.பி வராது, ஓ.டி.பி வராமல் ஈமெயில் திறக்காது, ஈமெயில் இல்லாமல் விண்ணப்பம் போட முடியாது. நன்றாகப் படித்தவர்களும் இந்த இடத்தில் சோர்ந்து உட்கார்ந்துவிடுவதைப் பார்த்து எனக்கு மனம் ஆறவில்லை. இதில் நீங்கள் உதவலாம். அவனுடைய அடையாள அட்டை, பள்ளிச் சான்றிதழ்களை இப்போதே தேடி எடுத்து ஒரே உறையில் போட்டு வையுங்கள். காலாவதியானதைப் புதுப்பிக்க என்ன வேண்டும் என்று கேட்டு வையுங்கள். அவன் வரும் வாரத்தில் ஒரு சாதாரண போனும் சிம்மும் தயாராக இருக்கட்டும். பழைய லேப்டாப் ஒன்று கிடைத்தால் போதும், புதிதுக்குக் கடன் வாங்க வேண்டாம்.

சம்பளம் முதல் வேலையில் குறைவாகத்தான் இருக்கும். தெரிந்தவர்களின் சின்னக் கடைக்கோ சங்கத்துக்கோ ஒரு இணையதளம் செய்து கொடுத்தால்கூட அது வேலை அனுபவம்தான்.

அடுத்த முறை மனு பார்க்கப் போகும்போது "ஒழுங்காகப் படிக்கிறாயா?" என்று கேட்காதீர்கள். "இந்த வாரம் என்ன எழுதினாய், எனக்குப் புரிகிற மாதிரி சொல்" என்று கேளுங்கள். உங்களுக்குப் புரிய வைக்க அவன் தேடும் வார்த்தைகள்தான் நாளைக்கு இண்டர்வியூவில் வரும். வகுப்பில் என்ன பாடம் என்று தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள் அம்மா, அதற்கேற்ற புத்தகங்களின் பெயரை அனுப்புகிறேன்.